ஐம்பத்திரண்டு நிமிடம்

பேருந்து எங்கேயும் நிற்கவில்லை.

பள்ளி வாசலில் ஏறி நான்கு நிமிடம்கூட ஆகியிருக்காது. அதற்குள் தபால் நிலையத் திருப்பம் போய்விட்டது. பக்கத்து வரிசையில் கார்கள் ஒன்றின் வாலை ஒன்று முகர்ந்துகொண்டு நின்றன. பேருந்துக்கென்றே சிவப்புச் சாயம் பூசி, திங்கட்கிழமை திறந்துவிட்ட புதுப் பாதையில் நாங்கள் வழுக்கிக்கொண்டு போனோம்.

"அம்மா, பறக்குதும்மா!" என்றாள் மகள்.

அவளுக்குப் பத்து வயது. அவள் இருப்பது அவளுடைய அப்பா வீட்டில். வெள்ளிக்கிழமை மட்டும் அவளைப் பள்ளியிலிருந்து அழைத்துப்போய் அந்த வீட்டு வாசலில் விடலாம் என்பது எனக்குக் கிடைத்த தீர்ப்பு. 'வழியில் எங்கும் தங்காமல், நேராக' என்றும் அதில் எழுதியிருக்கிறது. ஒருமுறை ஐஸ்கிரீம் கடையில் அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டோம். மறுவாரமே அவருடைய வக்கீலிடமிருந்து கடிதம் வந்தது.

நெரிசலுக்கு யாரும் வக்கீல் நோட்டீஸ் அனுப்ப முடியாது.

மூன்று வருடமாக அந்த நெரிசலுக்குள்தான் நான் அவளுக்கு அம்மாவாக இருந்தேன்.

உட்கார்ந்ததும் அவள் திங்கட்கிழமையில் தொடங்குவாள். யார் யாரோடு பேசவில்லை, யார் சாப்பாட்டு டப்பாவில் என்ன இருந்தது, எதற்கு யார் அழுதார்கள். தபால் நிலையம் வரும்போது செவ்வாய் முடியும். கடைவீதி நடுவே இருந்த பெரிய கார் நிறுத்தத்தை ஒட்டிப் பேருந்து அசையாமல் நிற்கும். புதனும் வியாழனும் அங்கேயே நடந்து முடியும். நான் அவள் பின்னலை அவிழ்த்து, சிக்கெடுத்து, மறுபடி பின்னிவிடுவேன்.

சில நாள் பேச்சின் நடுவிலேயே தூங்கிப்போவாள். என் தோள் மரத்துப்போகும். அசையமாட்டேன். முன்னால் நிற்கும் லாரி இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே நிற்கட்டும் என்று வேண்டிக்கொள்வேன்.

இன்று அந்தக் கார் நிறுத்தத்தைக் காணவில்லை.

அந்த இடம் முழுக்க வெட்டவெளி. இவ்வளவு வானம் இங்கே இருந்ததா என்றிருந்தது. புதிதாக நட்ட மரங்களுக்குக் குச்சி கட்டியிருந்தார்கள். முதுகு சாய்க்கத் தோதான நீள நீளப் பெஞ்சுகள். ஒன்றில் ஒரு பெண், மடியில் கிடந்த குழந்தையின் காலணியைக் கழற்றி மண்ணை உதறிக்கொண்டிருந்தாள். அவளுக்கு அவசரமே இல்லை.

"இறங்கி ஒரு அஞ்சு நிமிஷம் உக்காரலாமா?" என்று கேட்ட மகள், நான் பதில் தேடுவதற்குள் அவளே சொன்னாள். "வேணாம். அப்பா திட்டுவாரு. என்னை இல்ல, உன்னை."

பெஞ்சுகள் பின்னால் போய்விட்டன.

"சரி, கதைய விடாத. அப்புறம் அந்தக் கணக்கு டீச்சர் என்ன செஞ்சாங்க?"

"இரும்மா, அவசரப்படுத்தாத. இன்னும் திங்கக்கிழமையே முடியல."

அதை முடிப்பதற்குள் ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் இருந்த புதுப் பலகை அவள் கண்ணில் பட்டுவிட்டது. சத்தமாக வாசித்தாள். "முன்பு ஐம்பத்திரண்டு நிமிடம். இன்று பதினான்கு நிமிடம்."

வாசித்துவிட்டு மூக்கைச் சுருக்கினாள். "யாரும்மா இதெல்லாம் உக்காந்து எண்ணுனது? வேலவெட்டி இல்லாத ஆளு!"

எதிர் இருக்கையில், மருத்துவமனைச் சீருடையில், செருப்பிலிருந்து காலை எடுத்து ஆறவிட்டபடி உட்கார்ந்திருந்த பெண் சிரித்துவிட்டாள்.

"அப்படிச் சொல்லாத பாப்பா. இத்தன நாள் நான் வீடு போய்ச் சேர்றதுக்குள்ள என் பிள்ளைங்க தூங்கிடும். இந்த வாரம்தான் முழிச்சிருக்கிற மூஞ்சியப் பாக்கறேன். எண்ணுனவங்க யாரோ எவரோ, பிள்ளகுட்டியோட நல்லா இருக்கட்டும்."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை பாதியில் இருக்கும்போது எங்கள் நிறுத்தம் வந்துவிட்டது. "மிச்சத்த அடுத்த வாரம் சொல்றேன்மா" என்றாள். அடுத்த வாரத்துக்கும் சொல்ல ஐந்து நாள் கதை புதிதாகச் சேர்ந்திருக்கும் என்பது அவளுக்குத் தோன்றவில்லை. அழைப்பு மணி அடித்ததும் அவளுடைய அப்பா கதவைத் திறந்தார். சுவர்க் கடிகாரத்தைத் திரும்பிப் பார்த்தார். "பரவாயில்லையே, சீக்கிரம் வந்துட்டீங்க" என்றார். குத்தலாக அல்ல. உண்மையாகவே சந்தோஷப்பட்டார்.

பின்னல் அப்படியே கலைந்து கிடக்க, அவள் உள்ளே ஓடிவிட்டாள்.

அந்த ஐம்பத்திரண்டை எண்ணியது நான்தான்.

போக்குவரத்து அலுவலகத்தில் என் வேலை அது. ஏறிய நேரம், இறங்கிய நேரம், நடுவில் நின்ற இடங்கள் எல்லாவற்றையும் படிவத்தில் எழுத வேண்டும். புதுப் பாதை தேவையா என்று பார்க்க, இரண்டு வருடம் முன்பு எங்களை வாரம் ஒரு மாலைப் பயணம் செய்யச் சொன்னார்கள். எந்த நாள், எந்தப் பேருந்து என்பதை எங்கள் விருப்பத்துக்கு விட்டுவிட்டார்கள். நான் இந்த வெள்ளிக்கிழமைப் பயணத்தையே எழுதிக் கொடுத்தேன். மற்றவர்களின் படிவங்களில் முப்பது, முப்பத்தைந்து என்றிருந்தது. மேலதிகாரி கூட்டத்தில் தூக்கிக் காட்டியது என் படிவத்தைத்தான். அதைப் பார்த்துத்தான் புதுப் பாதை வேண்டும் என்று எல்லோரும் கை தூக்கினார்கள்.

ஒரு நிமிடத்தைக்கூட நான் கூட்டி எழுதவில்லை.

நாலரை மணிக்குப் பள்ளி விடும். நாலு நாற்பதுக்கு ஒரு பேருந்து வரும். ஐம்பதுக்கு இன்னொன்று. இரண்டிலும் உட்கார இடம் இருக்கும். "கூட்டமா இருக்கு கண்ணு, அடுத்ததுல போலாம்" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு, அலுவலகங்கள் விட்டுச் சாலை நிறையும்வரை, ஐந்து பத்துக்கு வரும் பேருந்துக்காக நிறுத்தத்தில் நின்றுகொண்டிருப்பேன்.