மூன்று டின் புங்க எண்ணெய்

"வாரத்துக்கு மூணு டின் புங்க எண்ணெய். அத்தனையும் எங்கே போகுது பாய்?"

மூன்றாவது டின்னை டிக்கியில் வைத்துக்கொண்டிருந்த நசீருதீனின் கை அப்படியே நின்றது. கூடுவாஞ்சேரி எண்ணெய் மில் வாசல். பின்னால் நின்று கேட்டவருக்கு நாற்பது வயதிருக்கும். வெள்ளைச் சட்டை, கக்கத்தில் ஃபைல்.

சப்ளை ஆபீஸ், பறக்கும் படை என்றார்.

"விளக்குக்கு சார்."

"எந்த விளக்குக்கு? கூடுவாஞ்சேரி முழுக்க நீதான் விளக்கு ஏத்துறியா?"

கடலை எண்ணெய்க்கு ஜனங்கள் கடை கடையாக அலைந்துகொண்டிருந்த எழுபத்துநாலாம் வருஷத் தொடக்கம். அதில் புங்க எண்ணெயைக் கலந்து விற்கும் கும்பலைத் தேடுவதாகச் சொன்னார் ஆபீசர். மாட்டினால் ஆறு மாதம் உள்ளே, வண்டி பறிமுதல்.

உண்மையைச் சொன்னால் கேஸிலிருந்து தப்பலாம். ஆனால் பிழைப்பு போய்விடும். டீசல் விலை ஏறியதிலிருந்து, பல்லாவரம் போகும் ஷேர் டாக்சிகள் ஆளுக்கு ஒன்றரை ரூபாய் வாங்கின. அதே ஸ்டாண்டில் போட்டிக்கு நின்ற முனிரத்தினத்தின் ஐந்து டீசல் கார்களும் அப்படித்தான். டீசல் எஞ்சின் பூட்டிய நசீருதீனின் பழைய பிளைமவுத் மட்டும் ஒரு ரூபாய்க்கு ஓடியது. எப்படிக் கட்டுபடியாகிறது என்று யாருக்கும் தெரியாது. தெரிந்துவிட்டால் ஐந்து கார்களுக்கு நடுவில் இந்த ஒற்றைக் காரை யார் தேடி வருவார்கள்?

"யோசிச்சே சொல்லு. போலீஸ் ஸ்டேஷன்ல சொன்னாலும் சரிதான்."

"காருக்கு ஊத்துறேன் சார்."

ஆபீசர் சிரிக்கவில்லை. "அடுத்தது எருமைப் பால் ஊத்துறேன்னு சொல்லுவே."

"ஏறுங்க சார். தாம்பரம் வரைக்கும் ஓட்டிக் காட்டுறேன்."

அவர் உடனே ஏறிவிடவில்லை. பானட்டைத் திறக்கச் சொன்னார். திருட்டு டாங்க் ஏதாவது இருக்கிறதா என்று சீட்டைத் தூக்கிப் பார்த்தார். சின்னதாக ஒன்று இருந்தது. மூடியைத் திருகி மோந்து பார்த்தார். டீசல்.

"அப்போ இது என்ன?"

அது ஸ்டார்ட் பண்ண மட்டும் என்று நசீருதீன் சொல்ல வேண்டியதாயிற்று. ஒன்றைச் சொன்னதும் மற்றதெல்லாம் தானாக வந்தது. சோப்பு போடுகிறவர்களும் வேண்டாமென்று ஒதுக்கும் அடிமண்டி எண்ணெய். அதனால் விலை மலிவு. மனைவி ஹஃபீசா அதைப் பழைய துணியில் மூன்று தடவை வடிகட்டுவாள். எஞ்சின் சூடாகும்வரை டீசல், பிறகு ஸ்டியரிங் அடியில் இருக்கும் இந்தத் திருகைத் திருப்பினால் பெரிய டாங்கிலிருந்து எண்ணெய். எண்ணெய் சூடாகி இளகிப் போவதற்காகச் செப்புக் குழாயைப் புகைக்குழாய் மேல் சுற்றியிருக்கிறது.

எத்தனை சுற்று என்றார் ஆபீசர். பதினொன்று. எழுதிக்கொண்டார். எஞ்சின் சூடாக எவ்வளவு நேரம், ஃபில்டரை எத்தனை நாளைக்கு ஒரு தடவை கழுவ வேண்டும் என்று வழி முழுக்கக் கேள்வி. பொய் சொல்கிறவன் எங்காவது உளறுவான் என்று காத்திருப்பவர்போல, கேட்டதையே மாற்றி மாற்றிக் கேட்டார். பெருங்களத்தூர் அருகே ஓடும் வண்டியிலேயே கையை நீட்டி, திருகு எண்ணெய்ப் பக்கம்தான் இருக்கிறதா என்று தடவிப் பார்த்தார்.

தாம்பரம் ஸ்டேஷன் வாசலில் நசீருதீன் எஞ்சினை அணைக்காமலே வண்டியை ஓரங்கட்டினான். ஆபீசர் ஃபைலை மூடினார். கேஸ் இல்லை, பயப்படாதே என்றார்.

"வேற எதையாவது மறைச்சிருக்கியா?"

"ஒண்ணே ஒண்ணு பாக்கி கீது சார். அதுதான் முக்கியம்."

அதற்குள் இறங்கிவிட்ட ஆபீசர், பர்ஸிலிருந்து ஒரு ரூபாய் நோட்டை எடுத்து ஜன்னல் வழியாக நீட்டினார். "பிடி. சர்க்கார் சம்பளம் வாங்கறவன் ஓசியில போகக் கூடாது. ம், என்ன பாக்கி?"

நசீருதீன் நோட்டைப் பார்த்தான். பிறகு அவர் முகத்தைப் பார்த்தான்.

"விஷயம் வெளியே போகக் கூடாது. அவ்ளோதான் சார்."

பத்தாம் நாள், வியாழக்கிழமை. முனிரத்தினத்தின் ஐந்து கார்களும் திடீரென்று எண்பது காசுக்கு ஓடின. ஐந்திலும் புங்க எண்ணெய் வாடை. முதல் காரைக் காக்கிச் சட்டையில் ஓட்டி வந்தவர், அந்த ஆபீசர்தான். நசீருதீனின் காரில் அன்று முழுக்க ஒரு சவாரி இல்லை.

"ஒரு ஃபைலைப் பார்த்துப் பயந்துகினு எல்லாத்தையும் ஒப்பிச்சுட்டு வந்தீங்களே," என்று ஹஃபீசா அழுதாள். அடுத்த மாதம் அடுப்பு எரியுமா என்று கேட்டாள். மறுநாள் பல்லாவரம் சந்தை, சீக்கிரம் எழுப்பு என்று மட்டும் சொல்லிவிட்டு அவன் படுத்தான்.

வெள்ளிக்கிழமை காலை, மார்கழிப் பனி விலகாத கூடுவாஞ்சேரி ஸ்டாண்டில், கூடைகளோடு சந்தைக் கூட்டம் நெரிந்தது. முனிரத்தினத்தின் கார்கள் ஐந்தும் பானட்டைத் திறந்தபடி நின்றன. ஒன்றுகூட ஸ்டார்ட் ஆகவில்லை. ராத்திரி வண்டியை நிறுத்துவதற்கு ஐந்து நிமிஷம் முன்பே திருகை மறுபடி டீசலுக்குத் திருப்பிவிட வேண்டும். இல்லாவிட்டால் எண்ணெய் பம்ப்பிலேயே தங்கி, விடிவதற்குள் கெட்டியாகி அடைத்துக்கொள்ளும். அதை அவர்களுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

மதியத்துக்குள் நான்கு நடை அடித்துவிட்டு, தொழுகைக்குப் போகும் வழியில் நசீருதீன் வீட்டுக்கு வந்தான்.

"அந்த ஒண்ணை மட்டும் எப்படிங்க சொல்லாம விட்டீங்க? அந்த ஆள் ஆபீசர் இல்லேன்னு எப்படித் தெரிஞ்சுது?" என்றாள் ஹஃபீசா.

"இருபது வருஷமா டாக்சி ஓட்டுறேன். எறங்கும்போது காசு குடுத்த ஆபீசரை அன்னிக்குத்தான் பார்த்தேன்."