பாறை விடாது

எண்ணெய்க் கிணற்றின் விஷக் கழிவுநீரை மறுபடி பாதாளத்துக்கே அழுத்தி அனுப்புவதுதான் இன்ஜினீயரின் வேலை. அது பாறையின் நுண்துளைகளில் எறும்பைவிட மெதுவாக ஊர்ந்து போகும்.

"மேலதானே சார் ஊரோட குடிதண்ணி இருக்கு? அங்க ஏறிட்டா?" என்றார் பம்ப் ஆபரேட்டர்.

"நடுவுல இருக்கிற பாறை என் மாமியார் கை மாதிரிய்யா. ஒரு சொட்டு கசியாது!"

இருவரும் சிரித்து ஓய்வதற்குள் இன்ஜினீயரின் மனைவி போன் செய்தாள்.

"ஏங்க, பாப்பாவைக் குளிப்பாட்டினேன். கிளிக்குஞ்சு மாதிரி பச்சையா நிக்கிறா! குழாய்த் தண்ணியே பச்சைங்க."

கழிவுநீர் எந்தப் பக்கம் ஊர்கிறது என்று கண்டுபிடிக்க, போன வருடம் அதில் பச்சைச் சாயம் கலந்துவிட்டவரே இன்ஜினீயர்தான்.

"யாராவது குடிச்சீங்களா?"

"கரண்ட் இல்லாத இருட்டுல காலைக் காபியே அதுலதான் போட்டிருக்கேன். நீங்கதான் ரெண்டாவது டம்ளரும் கேட்டு வாங்கிக் குடிச்சீங்களே!"