பன்னிரண்டாவது கதவு

மற்றவர்கள் வீரன் வேடத்தையும் மந்திரவாதி வேடத்தையும் எடுத்துக்கொள்ள, நளினா பூதத்தின் வேடத்தை எடுத்தாள். மேஜையில் கதை சொல்லி விளையாட்டை நடத்துபவன் அவள் கணவன் தயாபரன். வீட்டில் ஏழு மாதமாக அவளிடம் ஒரு வார்த்தை பேசாதவன், இங்கே மட்டும் கதையில் வரும் ஊர்க்காரர்களின் குரல்களில் பூதத்துக்குப் பதில் சொல்லியாக வேண்டும். பகடையில் ஆறு விழுந்தால் பூதம் தட்டும் வீட்டின் கதவு திறக்கும் என்பது விதி. பதினோரு வீடுகளில் விழவில்லை. கிழவனாக, குழந்தையாக, பூசாரியாக அவன் பூதத்தை விரட்டினான். கடைசி வீட்டு வாசலில் பூதம் மண்டியிட்டது.

“மழை பெய்யுது. உள்ள வரட்டுமா?” என்றாள் நளினா. பிறகு மெதுவாக, “பகடை வேணாம். நீங்களே சொல்லுங்க.”

அவன் உருட்டினான். பகடை நின்றதும் உள்ளங்கையால் மூடினான். விரலிடுக்கில் ஆறு தெரிந்தது.

“தொறக்க முடியாது” என்றான், தன் சொந்தக் குரலில்.