ஓட்டைக்கு வந்த நீலத் துண்டு

துண்டுத் துணிகளைச் சேர்த்துத் தைத்த போர்வையில் முக்கோணமாக ஓர் ஓட்டை விழுந்தது. அதை அடைக்க நீலத் துண்டு வந்தது. ஓட்டைக்குப் பக்கத்தில் பூவேலை போட்ட மஞ்சள் துண்டைப் பார்த்ததுமே அதற்குக் கூச்சமாகிவிட்டது.

அளவு நாடா நீலத்தின் மூன்று பக்கங்களையும் ஓட்டையின் பக்கங்களோடு ஒத்துப் பார்த்தது. "மூணும் சரியா இருக்கு. கோணத்தை அளக்கவே வேண்டாம், போய்ப் படு."

நீலம் படுத்தது. எப்படிச் சுற்றிப் படுத்தாலும் ஏதோ ஒரு மூலை வெளியே நீட்டிக்கொண்டே இருந்தது.

"எனக்கு இங்க இடமில்ல போல" என்று கிளம்பப் பார்த்தது.

"அவசரப்படாதேம்மா, கவிழ்ந்து படுத்துப் பாரு" என்றது மஞ்சள்.

"பின்பக்கம் வெளுத்துக் கிடக்கு. மைக்கறை வேற. எல்லாரும் பார்ப்பாங்களே."

"பார்க்கட்டும். படு."

நீலம் கண்ணை மூடிக்கொண்டு கவிழ்ந்தது. மூன்று மூலையும் இம்மி பிசகாமல் உட்கார்ந்தன.

மெல்லக் கண்ணைத் திறந்து மஞ்சளைப் பார்த்தது. தூரத்திலிருந்து பூவேலையாகத் தெரிந்ததெல்லாம், கிட்டே பார்த்தால், மஞ்சளின் பின்பக்கத்து நூல் முடிச்சுகள்.