மலைப் பக்கம் இழுக்கும் வண்டி

டயரின் மேல் கட்டைவிரலை வைத்து அழுத்திப் பார்த்தார் நல்லசிவம். பிறகு உள்ளங்கையால் தடவினார்.

பிடிப்புக்கான பட்டனே இல்லை. மழமழவென்று மொட்டை.

“என்னங்க அக்கா, இந்தப் பாடு படுத்தியிருக்கறீங்க?”

அவள் வண்டியின் பின்பக்கம் வந்து நின்றாள்.

முன் டயர்கள் இரண்டும் கடையை விட்டுப் போன அன்று இருந்த மாதிரியே இருந்தன. பின்னால்தான் நான்கும் போயிருந்தன. நல்லசிவம் குனிந்து பார்த்தார். எழுந்து நின்று பார்த்தார். சும்மா ஓடித் தேய்ந்தது இல்லை இது, ஏற்றத்தில் லோடு இழுத்துத் தேய்ந்தது என்றார். யாருக்கோ வாடகைக்கு விட்டுச் சம்பாதித்திருக்கிறாள் என்று அவர் முகம் சொன்னது.

வழியில் படுத்துவிட்ட வண்டிகளைக் கொக்கி மாட்டி இழுத்து வரும் மீட்பு வண்டி அது. அவள் கணவருடையது. அவர் இறந்துபோன பிறகு, கேபினைத் தட்டி நிமிர்த்தி, ஆறு டயர்களையும் இதே கடையில்தான் போட்டாள். விற்கப்போகிற வண்டிதானே என்று மட்டமானதாகப் பார்த்துப் போட்டாள்.

வாங்க ஆள் வரவில்லை.

புரட்டாசியிலிருந்து வண்டி ஷெட்டில்தான் நின்றது. பேட்டரி அவள் கட்டிலுக்கடியில் சாக்கில் கிடந்தது. பூட்டுக்கு ஒரே சாவி, அதுவும் அவள் இடுப்பில். இன்று காலை மெக்கானிக் பேட்டரியை மாட்ட வந்தபோது ஸ்டியரிங் முழுக்க ஒட்டடை. அவள்தான் துடைத்தாள்.

யார் ஓட்டியது என்று கேட்டால் என்னத்தைச் சொல்வாள்?

நல்லசிவம் ஸ்க்ரூ டிரைவரை விட்டு நெம்பினார். இரட்டை டயர்களுக்கு நடுவே சிக்கியிருந்த கல் ஒன்று தெறித்து அவள் காலடியில் விழுந்தது.

எடுத்தாள்.

ஈரமாக இருந்தது.

பங்குனி வெயில் ரோட்டுத் தாரை இளக்கிக்கொண்டிருந்தது. கடைசியாக எப்போது மழை பெய்தது என்று ஊரில் யாருக்கும் ஞாபகமில்லை.

“வண்டி ஒரு பக்கமா இழுக்குதுங்களா?”

இழுத்தது. வருகிற வழியில், கொல்லிமலைக்குப் பிரிகிற இடத்தில், ஸ்டியரிங் தானாக அந்தப் பக்கம் திரும்பியது. இரண்டு கையாலும் பிடித்து நிறுத்தினாள். அவளுக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் அவள் கணவர்தான். பக்கத்தில் உட்கார்ந்து ஸ்டியரிங்கைத் திருப்புகிற அந்தக் கையின் பலம் அவளுக்கு நன்றாகத் தெரியும்.

“இழுக்குதுங்க.”

“எந்தப் பக்கம்?”

“மலைப் பக்கம்.”

நல்லசிவம் சிரித்துவிட்டார். “இடமா வலமான்னு சொல்லுங்க அக்கா.”

போன ஆடி மழையில், காதுகுத்து முடிந்து மலையிலிருந்து இறங்கிய வேன் ஒன்று வளைவில் சறுக்கியது. பாதி ரோட்டில், பாதி அந்தரத்தில். அவள் கணவர்தான் இந்த வண்டியோடு முதலில் போய்ச் சேர்ந்தார். கொக்கியை மாட்டி இழுத்தார். பின் டயர்கள் வழுக்கின. தீபாவளிக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று அவர் தள்ளிப்போட்டிருந்த டயர்கள்.

வேன் கீழே போகப் போக வண்டியும் பின்னாலேயே போனது. கேபிளை விடு, குதி, குதி என்று ரோட்டில் நின்றவர்கள் கத்தினார்கள். அவர் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுக்கவே இல்லையாம்.

வண்டி பாறையில் மோதி நின்றது. கேபிள் அறுந்தது. வேன் நிற்கவில்லை.

ஊர் அவரைத் தெய்வம் என்றது. அவளுக்கு ஆத்திரம்தான் வந்தது. வீட்டில் ஒருத்தி இருக்கிறாள் என்று ஒரு நொடி நினைத்திருந்தால் விட்டிருப்பார். எடுத்த வேலையைப் பாதியில் விடத் தெரியாத மனுஷன். படுபாவி.

வண்டி கண்ணில் படாமல் தொலைந்தால் போதும் என்றுதான் விற்கத் துணிந்தாள். நாளைக்கு ராசிபுரத்திலிருந்து ஆள் வருகிறது.

நல்லசிவம் ஒரு டயரை உருட்டி வந்து அவள் முன் சாய்த்தார். பழசின் மேல் புது ரப்பர் ஒட்டியது. “விக்கறதுக்குன்னா இது போதும். பாக்க ஜம்முனு இருக்கும்.”

இன்னொன்றையும் உருட்டி வந்தார். “மலையேறி இழுக்கறதுன்னா இது. மழையிலயும் உடும்பு மாதிரி புடிக்கும். உங்களுக்கு எதுக்கு, சும்மா காட்டறேன்.”

அவள் அந்த இரண்டாவது டயரின் பள்ளத்தில் விரலை விட்டாள். நன்றாக உள்ளே போனது.

அந்த வளைவு. அதே மழை. நின்ற இடத்திலேயே சுற்றுகிற சக்கரம். வேன் மேலேயும் வராமல், கீழேயும் போகாமல்.

இத்தனை மாதமாக இழுக்கிறார்.

அவள் பார்த்துப் பார்த்துப் போட்டுக்கொடுத்த மட்டமான டயரில்.

எட்டு மாதத்தில் முதல்முறையாக அவர்மேல் கோபம் வரவில்லை.

கைப்பேசி அடித்தது. ராசிபுரத்து ஆள். எத்தனை மணிக்கு வரட்டும் என்று கேட்டார்.

“வர வேண்டாமுங்க,” என்றாள். “வண்டி வேலையா இருக்குது.”

வைத்துவிட்டாள்.

நல்லசிவம் அவளையே பார்த்தார். ஒட்டு டயரை உருட்டிப் பழைய இடத்துக்கே கொண்டுபோனார். திரும்பி வந்து துணியில் கையைத் துடைத்துக்கொண்டார்.

“ஓட்டறதுக்குத்தான்னா என்ன லோடு வரும்னு சொல்லோணுமுங்க. அதுக்குத் தக்கனதான் போட முடியும்.”

“ஒரு வேனுங்க,” என்றாள். “நல்லாப் புடிக்கறதா போடுங்க. ஆளுங்க உள்ளாறயே இருக்கறாங்க.”