பத்து எக்ஸ் ஒய்

“மூணு எக்ஸ், ரெண்டு ஒய், அஞ்சு எக்ஸ். எல்லாம் சேத்தா பத்து எக்ஸ் ஒய். கரீட்டா மிஸ்ஸு?”

பச்சையம்மா கேட்டதும் பெனிஷாவின் கையிலிருந்து சாக்பீஸ் நழுவியது.

திருவொற்றியூரில் சுயம்பு அண்ணாச்சியின் மளிகைக் கடைக்கு மேல்மாடி. பத்தாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுதப்போகும் பெரியவர்களுக்காக அவர் நடத்தும் டுட்டோரியல். காசிமேட்டில் மீன் விற்கும் பச்சையம்மா, கண்டெய்னர் லாரி ஓட்டும் ரகுபதி, இன்னும் சிலர். கணக்கு டீச்சர் வேலைக்கு இன்று பெனிஷாவின் மாதிரி வகுப்பு.

அண்ணாச்சி கடைசி பெஞ்சில் கைடை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டார்.

“இவங்களுக்குத் தெரியாததை நீ தெரிய வைக்கணும். அப்பதாம்மா வேலை.”

பெனிஷா, துறைமுகத்தில் மூட்டை தூக்குபவரின் மகள். வீட்டில் முதல் பட்டதாரி. இந்த வேலையும் போனால், தெருவில் கேட்பவர்களுக்குச் சொல்ல அவளிடம் புதிய காரணம் எதுவும் மிச்சமில்லை.

எக்ஸ் வேறு, ஒய் வேறு, இரண்டையும் சேர்த்துக் கூட்ட முடியாது என்று பொறுமையாகச் சொன்னாள்.

ரகுபதி தலையைச் சொறிந்தார். “அப்போ எக்ஸையும் ஒய்யையும் அழிச்சிட்டா? பத்து மட்டும் நிக்கும்ல?”

பின்னால் இரண்டு பேர் ஆமாம் என்று தலையாட்டினார்கள். அண்ணாச்சி கடிகாரத்தைப் பார்த்தார்.

இவ்வளவு மந்தமாகவா இருப்பார்கள் என்று பெனிஷாவுக்கு எரிச்சல் வந்தது. அப்படி நினைத்ததற்கு உடனே வெட்கமும் வந்தது.

“அண்ணா, உங்க லாரியையே எடுத்துக்கலாம். எண்ணூர் ரோட்டுல மூணு கண்டெய்னர் லாரி, ரெண்டு டேங்கர், பின்னாடி அஞ்சு கண்டெய்னர் லாரி. மொத்தம் என்ன வரும்?”

“டிராஃபிக் ஜாம் வரும் மிஸ்ஸு.”

வகுப்பு சிரித்தது. அண்ணாச்சி சிரிக்கவில்லை.

அவள் பலகையை அழித்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து எழுதினாள். 3x + 2y + 5x. அந்த 5x-ஐ அதன் குறியோடு நகர்த்தி 3x-க்குப் பக்கத்தில் வைத்தாள். ஒரே மாதிரி உறுப்புகளை முதலில் பக்கத்தில் பக்கத்தில் அடுக்க வேண்டும், பிறகுதான் கூட்ட வேண்டும் என்றாள். குரல் லேசாக நடுங்கியது.

பச்சையம்மா கன்னத்தில் கை வைத்துப் பலகையையே பார்த்தாள்.

“ஆங். எட்டு எக்ஸு. ரெண்டு ஒய்யி அதுபாட்டுக்குத் தனியா கீது. அவ்ளோதானா?”

“இத்தினி நாளா யாருமே இப்டி சொல்லலியே” என்றார் ரகுபதி, கடைசி பெஞ்சுக்குக் கேட்கும்படி.

அடுத்தடுத்த கணக்குகளுக்கு ஒவ்வொருவராகச் சரியான விடை சொன்னார்கள். அண்ணாச்சி கைடில் விரலை வைத்து ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு எழுந்தார். திங்கட்கிழமையிலிருந்து வந்துவிடச் சொன்னார். அவர் செருப்புச் சத்தம் படியிறங்கி ஓயும் வரை பெனிஷா மூச்சு விடவில்லை.

பிறகு வகுப்பின் பக்கம் திரும்பினாள். இப்போது குரலில் நடுக்கம் இல்லை. யாரும் கவலைப்பட வேண்டாம், உங்களுக்கு அடிப்படைதான் பலவீனம், திங்கட்கிழமை பிளஸ் மைனஸிலிருந்தே ஆரம்பிக்கலாம், மெதுவாகப் புரிவதில் வெட்கமே இல்லை என்றாள்.

எல்லோரும் குனிந்துகொண்டார்கள். பச்சையம்மாவின் தோள் மட்டும் குலுங்கியது. சிரிப்பை அடக்கிக்கொண்டு நிமிர்ந்தாள்.

“அதெல்லாம் வோணாம் மிஸ்ஸு. நேரா வடிவியல் எடு, அதான் எங்களுக்கு ஏறல. அண்ணாச்சிக்கு கைடுல இந்த ஒரு பக்கந்தான் தெரியும். வர்ற மிஸ்ஸுக்கெல்லாம் இதையேதான் குடுப்பாரு. போன வாரம் ஒரு பொண்ணு கணக்க எழுதி முடிக்கிறதுக்குள்ள நாங்க விடைய சொல்லிட்டோம். ‘இவங்களுக்கே தெரியுதே, நீ எதுக்கு’ன்னு அத அனுப்பிட்டாரு. பாவம், அழுதுகினே போச்சு.”

பெனிஷா பலகையைத் திரும்பிப் பார்த்தாள்.

“அதான் இன்னிக்கு, யாரு எந்தத் தப்ப சொல்றதுன்னு நாங்க முன்னாடியே பிரிச்சிக்கினோம்.”