வாசிச்சுக் காட்டும்

“உங்கட மகள் கஜானிக்கு வாசிக்க ஏன் கஷ்டமாயிருக்கு எண்டு ஆராயத்தான் வந்தனான் அக்கா. இந்தச் சம்மதக் கடிதத்திலை கையெழுத்துப் போடுங்கோ” என்றாள் கம்பஸிலிருந்து வந்த தாரிகா.

பவதாரணி பேனையைத் தொடவில்லை. போன வருசம் இதே புளியங்கூடலில் இப்படி ஒரு கையெழுத்தில்தான் பக்கத்து வீட்டாரின் வளவுக் காணி பறிபோனது.

“என்ன எழுதியிருக்கெண்டு நீரே வாசிச்சுக் காட்டும்.”

தாரிகா பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்துத் தாளின்மேல் வைத்தாள். அட்டையில் வெட்டியிருந்த துளைக்குள் ஒரு வரி மட்டுமே தெரிந்தது. விரல் வைத்து மெல்ல வாசித்தாள். இரண்டாம் வரியில் தடுமாறி, திரும்பவும் முதலிலிருந்து தொடங்கினாள்.

“நில்லும்! நீர் கொண்டுவந்த கடிதத்தை உமக்கே வாசிக்க ஏலாதோ? உண்மையைச் சொல்லும், எந்தக் காணி புரோக்கர் உம்மை அனுப்பினவன்?”

“ஒருத்தரும் அனுப்பேல்லை அக்கா. கஜானிக்கு இருக்கிற அதே கஷ்டம்தான் எனக்கும். எட்டாம் வகுப்புவரை வீட்டிலையும் பள்ளிக்கூடத்திலையும் என்னை ‘மொக்கு’, மண்டையிலை ஒண்டும் ஏறாதவள் எண்டுதான் கூப்பிட்டவை. அதாலைதான் இந்த ஆராய்ச்சிக்கே வந்தனான்.”

பவதாரணி வாய் திறக்குமுன், கதவுக்குப் பின்னால் நின்ற கஜானி கேட்டாள்:

“அம்மா, நீங்களும் என்னை அப்பிடித்தானே கூப்பிடுறனீங்கள்?”